நேற்றுவரை உடன் தைத்தவர், இன்று சூப்பர்வைசர்: புதியவர்களுக்கான உளவியல் வழிகாட்டி

திருப்பூர்ப் பகுதிப் பனியன் கம்பெனிகளில் ஒரு டெய்லரோ செக்கிங் வேலை பார்ப்பவரோ லைன் சூப்பர்வைசராக உயர்த்தப்படும்போது, அந்தப் பொறுப்புக்கென்று அவருக்குக் கிடைக்கும் பயிற்சி பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. எந்த ஆர்டர் எந்த லைனில் ஓடுகிறது, மணிக்கு எத்தனை பீஸ் இறங்க வேண்டும், கணக்கை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பவற்றைச் சொல்லி, ஒரு நோட்டையும் பேனாவையும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. ஆனால் நேற்றுவரை பக்கத்து மெஷின்களில் அமர்ந்து தைத்த முப்பது பேரை இன்று எப்படி வழிநடத்துவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால், தன்னை முன்பு மேற்பார்த்தவர் எப்படி நடந்துகொண்டாரோ அப்படியே அவரும் நடந்துகொள்கிறார். அவர் கத்தியிருந்தால் இவரும் கத்துகிறார்.

நானும் அவ்வாறே தொடங்கியவன்தான். லைனில் சில ஆண்டுகள் தடுமாறிய பிறகு தொலைநிலைக் கல்வியில் உளவியல் படிக்கத் தொடங்கியபோது, நான் நாள்தோறும் செய்துகொண்டிருந்த தவறுகளுக்குப் பெயர்கள் இருப்பதையும், அவற்றைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருப்பதையும் அறிந்தேன். அந்தப் படிப்பிலிருந்து தையல் லைனில் உண்மையாகவே பயன்பட்டவற்றை மட்டும், புதிதாகப் பொறுப்பேற்பவர் செய்ய வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்துதான். ஒருவர் சரியாக வேலை செய்யவில்லை என்று தோன்றினால், அவரை மாற்ற முயல்வதற்கு முன் அவர் வேலை செய்யும் சூழலை மாற்றிப் பார்க்க வேண்டும். அடுத்தவர் குணம் நம் கையில் இல்லை. சூழலில் பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது. அந்தச் சூழலிலும் மிகப் பெரிய பங்கு சூப்பர்வைசராகிய நாமே.

முதல் படி: குறை சொல்வதற்கு முன் சூழலைப் பார்த்து வாருங்கள்

1967-இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், கியூபாவின் பிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அது அவருக்கு ஒதுக்கப்பட்டது என்று தெளிவாகச் சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளூரவும் ஓரளவு ஆதரவாளராகவே இருப்பார் என்று படித்தவர்கள் கணித்தார்கள். பிறருடைய செயலுக்கு அவர் குணத்தையே காரணமாக்கி, அவரை அப்படிச் செய்யவைத்த சூழலைக் குறைத்து மதிப்பிடும் இந்தப் பழக்கத்துக்கு, 1977-இல் லீ ராஸ் என்பவர் ‘அடிப்படைக் காரணங்காட்டல் பிழை’ என்ற பொருளில் பெயரிட்டார். நாம் தாமதமாக வந்தால் பஸ் வரவில்லை என்போம். அடுத்தவர் தாமதமாக வந்தால் அவருக்கு அக்கறை இல்லை என்போம்.

இந்தப் பிழையின் விலையை நான் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே கொடுத்தேன். ஓவர்லாக்கில் பக்கத் தையல் போட்ட ஓர் அக்காவின் பண்டல்கள், இடையிடையே தையல் விட்டுப்போனதால், தொடர்ந்து செக்கிங்கிலிருந்து திரும்பி வந்தன. இரண்டு நாட்கள் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டேன். மூன்றாம் நாள் அவர் விடுப்பில் இருந்ததால், லைனிலேயே மிகத் திறமையானவரை அந்த மெஷினில் அமர்த்தினேன். அவருடைய பண்டல்களும் அதே குறையுடன் திரும்பின. மெக்கானிக் திறந்து பார்த்தபோது, நூலைக் கோத்துப் பின்னும் லூப்பர் என்ற பாகத்தின் அமைப்பு விலகியிருந்தது. அக்கா திரும்பி வந்ததும் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னிலையிலும் திட்டியதற்குத் தனியாகக் கேட்ட மன்னிப்பு ஈடாகவில்லை. அதன்பின் மெஷினில் என்ன கோளாறு வந்தாலும் அவர் என்னிடம் வாய் திறக்கவே இல்லை. இந்தப் பிழையின் விலை என்ன என்பது அதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே, ஒருவருடைய வேலையில் குறை தென்பட்டால் அவரிடம் செல்வதற்கு முன் ஒரு குறிப்பிட்ட வரிசையில் பார்த்து வருவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். முதலில் மெஷினும் ஊசியும். அடுத்து நூலும் துணியும். பிறகு கட்டிங்கிலிருந்து வந்த பாகங்கள் அளவு பிசகாமல் வந்தனவா, இவருக்கு முன்னால் தைத்தவர் சரியாகத் தைத்துக் கொடுத்தாரா என்பது. அதன்பின் இந்த மாடலை அவருக்கு யார், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும், அவருடைய மேசைக்கு மேல் விளக்கு எரிகிறதா என்பதையும், அவர் உடல்நிலையையும் பாருங்கள். இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே அவருடைய முயற்சியைப் பற்றிய கேள்விக்கு வாருங்கள். முடிந்தபோதெல்லாம் ஆளையோ மெஷினையோ ஒரு மணி நேரம் மாற்றி அமர்த்திப் பாருங்கள். குறை ஆளோடு நகர்கிறதா, மெஷினோடு நிற்கிறதா என்பது எந்த வாக்குவாதமும் இன்றித் தெரிந்துவிடும்.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டிய இன்னொரு பிழையும் உண்டு. எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்கு அளித்த மதிப்பீடுகளை ஆராய்ந்தபோது, உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகிய தொடர்பற்ற குணங்களுக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரியான மதிப்பீடு கிடைத்திருப்பதைக் கண்டார். ஒரு குணத்தில் பிடித்துப்போனவரை எல்லாக் குணங்களிலும் உயர்த்திவிடுகிறோம். கலகலப்பாகப் பேசுபவர் நன்றாகத் தைப்பவராகவும், பேசாமல் இருப்பவர் மந்தமானவராகவும் நம் கண்ணுக்குத் தெரிவது இதனால்தான். இதற்கு எளிய மருந்து, நோட்டில் ஆள் ஆளாக எழுதாமல் குணம் குணமாக எழுதுவது. முப்பது பேரின் தையல் நேர்த்தியை முதலில் எழுதி முடித்துவிட்டு, அதன்பின் முப்பது பேரின் வேகத்தை எழுதுங்கள்.

இரண்டாம் படி: கெட்ட செய்தி உங்களிடம் முதலில் வந்து சேர வழிசெய்யுங்கள்

ஏற்றுமதி ஆர்டர் ஓடும் கம்பெனிகளில், ஊசி உடைந்தால் அதன் துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகே புதிய ஊசி வாங்க வேண்டும் என்பது வழக்கமான விதி. குழந்தை உடையில் ஒரு சிறு துண்டு தங்கிவிட்டாலும் அது ஒரு குழந்தையின் தோலில்தான் ஏறும் என்பதை நினைத்தால் இந்த விதியின் கனம் புரியும். இப்போது, ஊசி உடைந்ததும் “உனக்கு மட்டும் எப்படி தினமும் உடையுது?” என்று கேட்கும் சூப்பர்வைசரின் லைனில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். துண்டு மெஷினுக்கடியில் தள்ளப்படும். கைப்பையில் வைத்திருக்கும் பழைய ஊசி ஒன்று மெஷினில் ஏறும். அந்த லைனின் பதிவேடு மிகச் சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தத்தைக் கண்டு மகிழ்வதைவிட ஆபத்தானது வேறில்லை.

இதையேதான் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் கண்டார். 1990-களில், நன்றாக இணைந்து வேலை செய்யும் செவிலியர் குழுக்களில் மருந்து தொடர்பான தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துக் கணக்கெடுத்த அவருக்கு, அந்தக் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருப்பது தெரியவந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்த தவறை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அவர் கண்டடைந்த விளக்கம். பின்னர் ஒரு தொழில் நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் வழியாக, ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற கருத்து பரவலாக அறியப்பட்டது. தவறை ஒப்புக்கொண்டாலோ, தெரியவில்லை என்று கேட்டாலோ இங்கே என்னை அவமானப்படுத்த மாட்டார்கள் என்று குழுவில் உள்ளவர்கள் பொதுவாக நம்புவதே இந்தப் பாதுகாப்பு. வேலையில் தளர்வு காட்டுவதோ, தரத்தைக் குறைத்துக்கொள்வதோ இதன் பொருளன்று.

இதை உருவாக்குவதற்கு முதலில் பழக வேண்டியது, கெட்ட செய்தி காதில் விழுந்தவுடன் நம் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம். “சொன்னது நல்லதாப் போச்சுங்க அக்கா, துண்டெல்லாம் கெடச்சுதான்னு பாப்போம்” என்று தொடங்கினால், அடுத்த முறையும் அவர் சொல்வார். லைனில் ஒருவரிடம் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை மற்ற இருபத்தொன்பது பேரும் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, கேள்வி கேட்கும் முறை. “ஏதாவது பிரச்சினை இருக்குதா?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்லீங்க” என்ற பதில்தான் வரும், பிரச்சினை உண்டு என்று சொல்வது தன் திறமைக் குறைவை ஒப்புக்கொள்வதாக அவருக்குத் தோன்றும். “இந்த மாடல்ல எந்த இடத்துல கை தடுமாறுது?” என்று கேட்டால், தடுமாற்றம் இயல்பானது என்பதைக் கேள்வியே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. மூன்றாவது, சொல்லப்பட்டது என்ன ஆயிற்று என்பதை ஒரு நாளுக்குள் திரும்பச் சொல்வது. விளக்கு மாற்ற முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே சொல்லுங்கள். பதில் வராத இடத்தில் யாரும் மூன்றாம் முறை பேச மாட்டார்கள். நான்காவது, உங்கள் தவறை நீங்களே முதலில் சொல்வது. சைஸ் பிரித்துக் கொடுத்ததில் நீங்கள் பிசகியிருந்தால், காலைக் கூட்டத்தில் அதைச் சொல்லித் தொடங்குங்கள்.

கூட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்குச் சுற்றியிருந்தவர்கள் வேண்டுமென்றே தவறான பதிலைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது அந்தத் தவறான பதிலுடன் ஒத்துப்போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலே அந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது. எனவே உங்கள் கருத்தை முதலில் சொல்லாதீர்கள். லைனில் செல்வாக்குள்ள மூத்த டெய்லரிடம் கேட்பதற்கு முன்னால், டெய்லர்களுக்குக் கையுதவி செய்யும் கைமடிப் பெண்ணிடம் கேளுங்கள். ஒருவர் மறுத்துப் பேசினால், அவர் சொன்னது தவறாக இருந்தாலும் பேசியதற்கு நன்றி சொல்லுங்கள். அந்த ஒருவர்தான் மற்றவர்களின் வாய்க்குத் திறவுகோல்.

பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகார் உங்களிடம் வந்தால், அதை நீங்களே பேசித் தீர்க்க முனையக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. உங்கள் வேலை, பொறுமையாகக் கேட்பதும், அந்தக் குழுவிடம் எழுத்தில் புகார் அளிக்க உதவுவதும், செய்தியை லைனில் பரப்பாமல் காப்பதும்தான்.

மூன்றாம் படி: இலக்கை எண்ணாகச் சொல்லுங்கள், தண்டனையாகச் சொல்லாதீர்கள்

“நல்லாப் பண்ணுங்க, சீக்கிரம் முடிங்க” என்பது இலக்கு ஆகாது. தெளிவான, சற்றுக் கடினமான, அதேசமயம் எட்டக்கூடிய இலக்கு, “முடிந்தவரை செய்யுங்கள்” என்ற வேண்டுகோளைவிட அதிகம் பயன்தருகிறது என்பதை எட்வின் லாக், கேரி லேத்தம் ஆகியோரின் நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன. இவற்றில் லேத்தமும் ஜேம்ஸ் பால்டஸும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு புதிய சூப்பர்வைசர் ஒருவருக்கு மிகவும் பயன்படக்கூடியது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மரம் ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர்கள், சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு மட்டுமே ஏற்றிவந்தார்கள். 94 விழுக்காடு என்று எண்ணால் இலக்குச் சொன்ன பிறகு, கூடுதல் பணம் எதுவுமின்றி, பாராட்டுச் சொல் ஒன்றுடனேயே ஏற்றும் எடை உயர்ந்தது. ஆனால் இரண்டாம் மாதத்தில் அது திடீரென்று சரிந்தது. எடை குறைந்தால் தண்டிக்க மாட்டோம் என்று நிர்வாகம் சொன்னது உண்மைதானா என்று ஓட்டுநர்கள் சோதித்துப் பார்த்தார்கள். நிர்வாகம் சொன்ன சொல்லில் நின்றது. மூன்றாம் மாதம் எடை 90 விழுக்காட்டைக் கடந்தது.

உங்கள் லைனிலும் அந்த இரண்டாம் மாதம் வரும். நன்றாக ஓடிய லைன் ஒரு வாரம் தொய்யும். அப்போது, தண்டிக்க மாட்டேன் என்று நீங்கள் கொடுத்த வாக்கை மீறினால், அதன்பின் போர்டில் எந்த எண்ணை எழுதினாலும் அது மிரட்டலாகவே படிக்கப்படும். இன்னொரு எச்சரிக்கையும் தேவை: போர்டில் பீஸ் எண்ணிக்கை மட்டும் இருந்தால் எண்ணிக்கை மட்டுமே வரும். செக்கிங்கில் முதல் முறையிலேயே தேறியவை எத்தனை என்ற எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நான்காம் படி: தவறைச் சொல்லும்போது பேச்சை வேலையின் மேலேயே வையுங்கள்

செய்த வேலையைப் பற்றி ஒருவரிடம் கருத்துச் சொன்னால் அவர் மேம்படுவார் என்று நாம் இயல்பாக நம்புகிறோம். அவ்ரஹாம் க்லூகர், ஏஞ்சலோ டெநிசி ஆகிய இருவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்ட முடிவு, இந்த நம்பிக்கையை அசைத்தது. சராசரியாகப் பார்த்தால் கருத்துச் சொல்வது உதவியது என்றாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் சொன்ன பிறகு வேலை மோசமானது. கேட்பவரின் கவனம் வேலையிலிருந்து விலகி, ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற கேள்விக்குத் தாவும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

“நீ எப்பவுமே அசால்ட்டு” என்ற சொல்லைக் கேட்டவர் அடுத்த ஒரு மணி நேரம் தையலை நினைப்பதில்லை. தன் மானத்தை நினைக்கிறார். அதற்குப் பதிலாக, பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அருகில் சென்று, “கழுத்துப் பட்டி சேரும் இடத்துல துணி இழுபடுது, பாருங்க, கொஞ்சம் தளர்த்திப் பிடிச்சா சரியாயிருமா?” என்று கேளுங்கள். பீஸைப் பற்றியே பேசுகிறீர்கள், அடுத்து என்ன செய்வது என்பதும் அதில் இருக்கிறது, கேள்வியாக முடிவதால் அவருடைய அறிவுக்கும் இடம் இருக்கிறது. குறையைத் தனியாகவும் உடனடியாகவும் சொல்லுங்கள். பாராட்டும் இதே விதிக்கு உட்பட்டதுதான். “சூப்பர்” என்பதைவிட, “பட்டி மூட்டுற இடம் நாப்பது பீஸ்லயும் ஒரே மாதிரி இருக்குது” என்பது நெடுநாள் நிற்கும்.

ஐந்தாம் படி: மாற்றத்தை அறிவிப்பதற்கு முன் அவர்களையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு உளவியல் வரலாற்றில் நெருக்கமான ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்னும் பைஜாமா தைக்கும் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சம்பளம் பீஸ் ரேட், அதாவது முடித்த பீஸுக்கு இவ்வளவு என்ற கணக்கு. மாடலோ வேலைமுறையோ மாறும்போதெல்லாம் உற்பத்தி சரிந்து, ஆட்கள் நின்றுவிடுவது அங்கே பெருந்தலைவலியாக இருந்தது. நம் ஊரில் யாருக்குத்தான் இது புதிது? லெஸ்டர் காக், ஜான் பிரெஞ்ச் ஆகியோர் அங்கு நடத்திய சோதனையின் முடிவுகளை 1948-இல் வெளியிட்டார்கள்.

ஒரு குழுவில் அயர்ன் போடுபவர்கள் 18 பேர் இருந்தார்கள். தேய்த்த துணியை அரை டஜனாக அட்டையின் மேல் அடுக்கிவந்தவர்கள், இனிமேல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும் என்பதே மாற்றம். நிர்வாகம் கூட்டம் போட்டு, காரணம் சொல்லி, புதிய ரேட்டை விளக்கி, கேள்விகளுக்கும் பதில் சொன்னது. ஆனால் முடிவு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. அந்தக் குழுவின் உற்பத்தி சரிந்தது. சரிந்த இடத்திலிருந்து பெரிதாக எழவில்லை. மேலாளர்களோடு மோதல் எழுந்தது. முதல் 40 நாட்களில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டுச் சென்றார்கள். வேறு இரண்டு சிறு குழுக்களில், மாற்றத்தின் தேவையை முதலில் காட்டி, புதிய முறையையும் ரேட்டையும் வகுப்பதில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் குழுக்கள் விரைவில் பழைய நிலையை எட்டி, அதைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு மேலே சென்றன. அங்கிருந்து யாரும் நிற்கவில்லை.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பின்னர் வருவது. முதல் குழுவில் எஞ்சியிருந்த 13 பேரைச் சில மாதங்களுக்குப் பிறகு ஒன்றுசேர்த்து, இன்னொரு புதிய வேலைக்கு மாற்றினார்கள்; இந்த முறை திட்டமிடுவதில் அவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எதிர்ப்பாளர்கள், சோம்பேறிகள் என்று எளிதில் முத்திரை குத்தப்பட்டிருக்கக்கூடிய அதே பெண்கள், விரைவாக மீண்டெழுந்து பழைய அளவைத் தாண்டினார்கள். ஆட்கள் மாறவில்லை, அவர்களை நடத்திய முறை மட்டுமே மாறியது. முதல் படியில் சொன்ன பிழையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் படித்ததில்லை.

ஆனாலும் இதைச் சடங்காகச் செய்தால் பயன் இல்லை. நார்வேயின் காலணித் தொழிற்சாலை ஒன்றில் இதே சோதனையைத் திரும்பச் செய்து 1960-இல் வெளியிட்டபோது, உற்பத்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அங்கே தொழிலாளர்களுக்கு விடப்பட்ட முடிவுகள் பெரிய விஷயங்களைத் தொடவில்லை. தொழிலாளர்கள் அதை உண்மையான பங்கேற்பாகக் கருதாவிட்டால் விளைவும் இருக்காது என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம்.

நடைமுறையில், புதிய மாடல் இறங்குவதற்கு ஒரு நாள் முன்னதாகவே மாதிரிப் பீஸை லைனில் உள்ளவர்களிடம் கொடுத்துவிடுங்கள். டெலிவரித் தேதி, அளவு, தையலின் தரம் ஆகியவை உங்கள் கையில் இல்லை என்பதை முதலிலேயே நேர்மையாகச் சொல்லுங்கள். எந்த வேலையை எந்த வரிசையில் செய்வது, யார் எந்த மெஷினில் அமர்வது, கைமடி எங்கே நின்றால் நடை குறையும் என்பவை அவர்கள் முடிவுக்கு உரியவை என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் சொன்ன வரிசை உங்கள் வரிசையைவிடச் சற்று மோசமாகத் தெரிந்தாலும் அரை நாள் ஓட விட்டுப் பாருங்கள். அவர்களே திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். சில நேரங்களில் நீங்கள் நினைத்ததுதான் தவறாக இருக்கும். முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டதென்றால், கருத்துக் கேட்பதுபோல் நடிக்காதீர்கள். அறிவித்துவிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: கசப்பான முடிவுக்கும் காரணம் சொல்லுங்கள்

ஜெரால்ட் கிரீன்பர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளில் 10 வாரங்களுக்கு 15 விழுக்காடு சம்பளக் குறைப்பு நடந்தது. ஒன்றில் தலைமை நிர்வாகி நேரில் வந்து, எண்களைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். மற்றதில் சில நிமிடங்களில் அறிவித்துவிட்டு முடித்துக்கொண்டார்கள். இரண்டு இடங்களிலும் பொருட்கள் திருடுபோவது கூடியது. காரணம் சொல்லப்படாத இடத்தில் அது மிக அதிகமாகக் கூடியது. சம்பளம் பழைய நிலைக்கு வந்ததும் திருட்டும் பழைய நிலைக்குத் திரும்பியது. திருடர்கள் நடுவில் வந்து சேரவில்லை, அதே ஆட்கள்தான்.

சம்பளத்தை முடிவு செய்யும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு இல்லை. ஆனால் ஓவர்டைம் யாருக்கு, எளிய மாடல் யாருக்கு, தீபாவளிக்கு முன்னால் விடுப்பு யாருக்கு என்பவை நம் கையில்தான் இருக்கின்றன. பீஸ் ரேட்டில் எளிய வேலை என்றால் கூடுதல் வருமானம் என்று பொருள். ஆகவே இது சிறிய விஷயமன்று. ஒதுக்கும் முறையை முன்கூட்டியே சொல்லி, எழுதி ஒட்டி, அதை மீற நேர்ந்தால் மீறிய அன்றே காரணம் சொல்லுங்கள். கூலி குறைவாகவோ காலம் தாழ்ந்தோ வரும் இடத்தில், இங்கே எழுதிய எதுவும் அதற்கு ஈடாகாது. ஊக்கம் இல்லை என்று தொழிலாளரைக் குறை சொல்லாமல், அதை மேலிடத்தில் எடுத்துச் சொல்வதும் தலைமைப் பொறுப்பின் பகுதியே.

ஏழாம் படி: அக்காவை அக்கா என்றே அழையுங்கள்

பதவி வந்ததும் பழைய உறவுச் சொற்களைக் கைவிட வேண்டும், சிரிப்பதைக் குறைக்க வேண்டும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். இந்தியப் பணியிடங்களை ஆராய்ந்த பாட்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜெய் பி. பி. சின்ஹா, இங்கே பயன்தரும் தலைவரை ‘பேணி வேலைவாங்கும் தலைவர்’ என்ற பொருளில் வருணித்தார். கீழுள்ளவர்களின் நலனில் உண்மையான அக்கறை காட்டுபவர் அவர். அந்த அக்கறையோடு, வேலை முடிய வேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுக்காதவர். ஆட்கள் தேர்ச்சி பெறப் பெறத் தன் பிடியைத் தளர்த்துபவர். அக்கறை மட்டும் இருந்து வேலையில் உறுதி இல்லாவிட்டால் உறவே சலுகையாக மாறிவிடும். எனவே முதல் வாரத்திலேயே நெருங்கிய தோழர்களைத் தனியே சந்தித்து, “டீக்கடையில நாம எப்பவும் போலத்தான், லைன்ல எல்லாருக்கும் ஒரே கணக்கு” என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் விட்டதால் முறிந்த நட்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் படி: உங்கள் கோபத்துக்கு முன்கூட்டியே வழி வகுத்து வையுங்கள்

ஷிப்மென்ட் நெருங்கும் நாட்களில் இவையெல்லாம் மறந்துபோகும். இனிமேல் கோபப்பட மாட்டேன் என்ற பொதுவான தீர்மானம் அன்றைக்கு உதவாது. ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்று நேரத்தையும் செயலையும் முன்னரே இணைத்து வைக்கும் தீர்மானங்கள் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் 1990-களில் காட்டினார். உங்களுக்கு வழக்கமாகக் கோபம் வரும் மூன்று தருணங்களைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: ‘பண்டல் திரும்பி வந்தால், ஆளிடம் போவதற்கு முன் மெஷினைப் பார்ப்பேன். மேனேஜர் என்னைத் திட்டினால், லைனுக்குத் திரும்புவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன். யாராவது எதிர்த்துப் பேசினால், பதில் சொல்வதற்கு முன் அவர் சொன்னதை ஒரு முறை திரும்பச் சொல்வேன்.’

எட்டுப் படிகளையும் ஒரே வாரத்தில் செய்ய முனையாதீர்கள். முதல் மாதம் முதல் இரண்டு படிகளோடு நில்லுங்கள். ஒவ்வொரு நாளும் லைன் நிற்பதற்கு முன், இன்று எத்தனை பேர் தாமாகவே வந்து ஒரு கோளாறையோ தவறையோ சொன்னார்கள் என்று நோட்டின் ஓரத்தில் ஓர் எண்ணைக் குறித்துவாருங்கள். தொடக்கத்தில் பல நாட்கள் அங்கே சுழியமே இருக்கும். அந்த எண் தொடர்ந்து மூன்றையும் நான்கையும் தொடத் தொடங்கும் வாரத்தில், மூன்றாம் படிக்கான இலக்கைப் போர்டில் எழுதலாம்.